சாய்ந்த சுவர்

ஒரு வீட்டை வாடகைக்கு விடும்போது நாம் எதை விற்கிறோம்? கல்லையும் மண்ணையும் விற்பதில்லை. அவை நமக்கே சொந்தமாக இருக்கின்றன. ஒரு குடும்பம் அந்த வீட்டில் அச்சமின்றி உண்டு, உறங்கி, தொழுது, பிள்ளைகளை வளர்க்கும் பயனை மட்டுமே விற்கிறோம். இதனை ஃபிக்ஹு நூல்கள் ‘மன்ஃபஅத்’ என்று கூறுகின்றன. இஜாரா என்னும் வாடகை ஒப்பந்தம் பயனை விலைக்குக் கொடுப்பதேயாகும். அப்படியானால், அந்தப் பயனுக்குள்ளேயே உயிரைப் பறிக்கும் ஆபத்து ஒன்று ஒளிந்திருக்க, அதை அறிந்திருந்தும் மாதாமாதம் வாடகையை எண்ணி வாங்குவோமானால், அது எத்தகைய பணம்? இந்தக் கேள்வியைத்தான் இம்மாதம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

போடிநாயக்கனூரைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் ஏலக்காயை நம்பி வாழும் ஊர். விடிவதற்கு முன்பே ஜீப்புகள் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகப் பூப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏறுகின்றன. பொழுது சாயும் நேரம் இறங்குகின்றன. ஊருக்குள் பெண்கள் வரிசையாக அமர்ந்து ஏலக்காயைத் தரம் பிரிக்கிறார்கள். இப்படி உழைப்பவர்களில் பலர் வாடகை வீடுகளில் இருப்பவர்கள். ஒரே காம்பவுண்டுக்குள் நாலைந்து குடித்தனங்கள், பொதுவாக ஒரு குளியலறை, தகரக் கூரை, மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து இழுத்த பழைய ஒயர். இரண்டு பல்புக்கும் ஒரு ஃபேனுக்குமாகப் போடப்பட்ட ஒயரில் இன்று ஃபிரிட்ஜ், கிரைண்டர், தண்ணீர் மோட்டார், வெந்நீர் ராடு எல்லாம் ஓடுகின்றன. மலையின் மேலே லயங்களில் நிலைமை வேறு விதம். அங்கே மழைக்காலம் முழுதும் மூடுபனியும் சாரலும் சுவரை உலரவிடுவதில்லை. ஈரச் சுவரில் பதிந்த பழைய ஒயர் எப்படி இருக்கும் என்பதை விவரிக்க வேண்டுமா?

“பாய், பாத்ரூம் குழாயைத் தொட்டா சுர்ருங்குது” என்று குடியிருப்பவர் சொல்கிறார். “செருப்புப் போட்டுக்கிட்டுத் தொறங்க, அடுத்த மாசம் பார்ப்போம்” என்று வீட்டுக்காரர் சொல்கிறார். இந்த உரையாடல் நம் ஊர்களில் புதிதன்று. இதில் இரு தரப்பாரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் இந்தப் பேச்சுக்கு நடுவே ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை இருவருமே உணர்வதில்லை.

கண்ணுக்குத் தெரியாத குறை

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அறுபது வாட் பல்பு ஒன்று சுமார் 260 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை எடுக்கிறது. மனித உடலின் ஊடே அதில் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 30 மில்லி ஆம்பியர் அளவுக்குச் சில வினாடிகள் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. ஃபியூஸ் கட்டையும் எம்.சி.பி. சுவிட்சும் ஒயரைக் காக்க வைக்கப்பட்டவை. பல ஆம்பியர் பாய்ந்தால்தான் அவை துண்டிக்கும். ‘ஷாக் அடித்தால் ஃபியூஸ் போய்விடும்’ என்று நம்பிக்கொண்டிருப்போர் இதை நன்கு கவனிக்க வேண்டும். மனிதனைக் காப்பவை வேறு இரண்டு. ஒன்று எர்த். ஃபிரிட்ஜின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால் அது எர்த் கம்பி வழியே மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் அந்த மின்சாரம் உலோகத்தின் மேலேயே காத்திருக்கும், ஈரக்கையோடு ஒருவர் வந்து தொடும் வரையில். மற்றொன்று ஆர்.சி.டி. என்னும் மின்கசிவுத் தடுப்புக் கருவி. போன மின்சாரம் முழுமையாகத் திரும்பி வராமல் 30 மில்லி ஆம்பியர் அளவு வேறு வழியில் கசிந்தாலே, அது கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

நம் நாட்டில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி மாண்டுபோகிறார்கள் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன.

போடி வியாபாரிகளுக்கு இந்த இடத்தில் ஒன்றை நினைவூட்டலாம். ஏலத்தில் கேட்பதற்கு முன் அவர்கள் மாதிரிக் காயைக் கையில் அள்ளிப் பார்க்கிறார்கள். நிறம் பார்க்கிறார்கள், பருமன் பார்க்கிறார்கள், லிட்டர் எடை பார்க்கிறார்கள். மாதிரியில் ஒன்றும் மூட்டைக்குள் வேறொன்றுமாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்களா? நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த வரலாறு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற கடுமையான எச்சரிக்கை அப்போதுதான் பிறந்தது. சுண்ணாம்பு அடித்துப் பளபளக்கும் சுவருக்குள் உறை கிழிந்த ஒயர் இருப்பது, உலர்ந்த தானியத்துக்குக் கீழே நனைந்த தானியம் இருப்பது போலத்தானே! வித்தியாசம் ஒன்றுதான். நனைந்த தானியம் வாங்கியவருக்கு நஷ்டம் பணத்தோடு போயிற்று.

இமாம்கள் பேசிய சுவர்

மின்சாரத்தைப் பற்றிக் கிதாபுகளில் எங்கே சொல்லியிருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். பெயர் சொல்லி இல்லைதான். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் நெருப்பைப் பற்றி நம் மார்க்கம் அக்காலத்திலேயே பேசிவிட்டது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு எரிந்தபோது, நெருப்பு மனிதருக்குப் பகை என்றும், உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடலாம் என்ற அளவுக்கு அவர்களுடைய எச்சரிக்கை நுணுக்கமாக இருந்தது. ஒயரைக் கடித்துவைக்கும் எலி நம் வீடுகளிலும் இருக்கிறது!

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு ஹனஃபி மத்ஹபின் நூல்களில் ஓர் அருமையான சட்டப் பகுதி இருக்கிறது. அதுதான் சாய்ந்த சுவரின் சட்டம். ஹிஜ்ரி 593-இல் மறைந்த இமாம் புர்ஹானுத்தீன் மர்ஃகீனானி அவர்களின் ‘ஹிதாயா’வில் இது விரிவாக வருகிறது. ஒருவருடைய சுவர் பாதையின் பக்கம் சாய்ந்துவிட்டது. ‘இதை இடித்துவிடு’ என்று அவரிடம் ஒருவர் முறைப்படிக் கேட்டுக்கொண்டார். இடிப்பதற்குப் போதிய அவகாசமும் இருந்தது. அவர் இடிக்கவில்லை. சுவர் விழுந்து ஓர் உயிர் போய்விட்டால், தியத்து என்னும் உயிரீட்டுப் பொறுப்பு அவர் தரப்பின் மீது விழும். அவர் யாரையும் தள்ளவில்லை, அடிக்கவில்லை. ஆனாலும் பொறுப்பாளி. ஏன்? அகற்றும் சக்தி அவரிடம் இருந்தது, சொல்லியும் அகற்றவில்லை.

இதில் நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டிய நுட்பங்கள் மூன்று.

முதலாவது, இந்தக் கோரிக்கையை யாரிடம் வைக்க வேண்டும்? இடிக்கும் அதிகாரம் உடையவரிடம்தான். அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவரிடம் சொன்னால் செல்லாது என்கிறார்கள். சுவரைத் தொடும் அதிகாரம் அவருக்கு இல்லை அன்றோ! அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொறுப்பும் இருக்கிறது.

இரண்டாவது, சுவர் இன்னொரு வீட்டின் பக்கம் சாய்ந்திருந்தால், அந்த வீட்டில் குடியிருப்பவர்களும் கோரிக்கை வைக்கலாம் என்கிறார்கள். சொந்தக்காரராக இல்லாதவருக்கும், அங்கே வாழ்கிறார் என்ற ஒரே காரணத்தால் கேட்கும் உரிமை உண்டு. ‘வாடகைக்கு இருப்பவன் என்ன கேள்வி கேட்பது’ என்ற பேச்சு இந்த இடத்தில் அடிபட்டுப்போகிறது.

மூன்றாவது, சாட்சிகள் வைத்துக்கொள்வது எதற்காக? கோரிக்கைதான் நிபந்தனை. பின்னால் ‘என்னிடம் யாரும் சொல்லவில்லை’ என்று மறுத்தால் நிரூபிப்பதற்காகவே சாட்சி. ஆகவே இன்று ஒரு கடிதமோ, செல்பேசியில் தேதியோடு போகும் ஒரு செய்தியோ அந்த வேலையைச் செய்துவிடும்.

சாய்த்தே கட்டிய சுவர்

இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள் நம் இமாம்கள். தொடக்கத்திலேயே சுவரைச் சாய்வாகக் கட்டியிருந்தால் என்ன செய்வது? அப்போது யாரும் வந்து எச்சரிக்க வேண்டியதே இல்லை. அது விழுந்து விளையும் சேதத்துக்குக் கட்டியவரே பொறுப்பு என்கிறார்கள். ஏனெனில் அப்படிக் கட்டியதே வரம்பு மீறல்.

இதை நம் வீடுகளோடு பொருத்திப் பார்ப்போம். முறையாக ஒயரிங் செய்து, எர்த் குழி வெட்டிக் கொடுத்த வீடு, இருபது முப்பது ஆண்டுகளில் பழுதடைவது இயல்பு. அது நேராகக் கட்டிப் பின்னர் சாய்ந்த சுவர். அதில் எச்சரிக்கை வந்த பிறகும் சும்மா இருப்பதுதான் குற்றம். ஆனால் சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க எர்த் கம்பியே போடாமல், மூன்று துளை பிளக்கில் இரண்டு கம்பியை மட்டும் கட்டி, சுவரைப் பூசி மூடி வாடகைக்கு விட்டால்? ஒரு குடித்தனத்துக்கு என்று வாங்கிய இணைப்பிலிருந்து நாலு குடித்தனத்துக்கு ஒயர் இழுத்து விட்டால்? அது சாய்த்தே கட்டிய சுவர் ஆகாதா? ‘குடியிருப்பவர் என்னிடம் சொல்லவே இல்லையே’ என்ற பதில் அங்கே எடுபடுமா? இதனை நாம் ஃபத்வாவாகச் சொல்லவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் உலமாப் பெருமக்கள். அவர்கள் முன் இந்த ஒப்புமையைப் பணிவுடன் வைக்கிறோம்.

‘தெரிந்துதானே குடிவந்தாய்?’

வீட்டுக்காரர்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. ‘வாடகை குறைவு என்று தெரிந்துதான் இந்த வீட்டுக்கு வந்தார். பார்த்துத்தானே அட்வான்ஸ் கொடுத்தார்?’ இது வலுவற்ற வாதம் அன்று. உதுமானியர் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பு, வாடகை வீட்டின் கட்டடத்தையும் தண்ணீர்க் குழாய்களையும் பழுதுபார்ப்பது சொந்தக்காரரின் கடமை என்றும், அவர் மறுத்தால் குடியிருப்பவர் வெளியேறலாம் என்றும் கூறுகிறது. அதே இடத்தில், குறையைக் கண்டுகொண்டே குடிவந்தவர் பிறகு அதே குறையைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்றும் கூறுகிறது.

ஆனால் சற்று யோசிக்க வேண்டும். ஒழுகும் கூரையைப் பார்த்து ஒப்புக்கொள்ளலாம். சுவருக்குள் கசியும் மின்சாரத்தை யார் பார்த்தார்? பார்க்க முடியாத ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்ததாக எப்படிக் கொள்வது? அப்படியே தெரிந்திருந்தாலும், ஒப்பந்தம் செய்தவர் குடும்பத் தலைவர். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுவது அவருடைய மனைவி. தவழ்ந்து போய் பிளக் துளையில் விரலை விடுவது அவருடைய குழந்தை. பெருநாள் விருந்துக்கு வந்த மைத்துனன் குளியலறைக் குழாயைத் திறக்கிறான். இவர்கள் யாரும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லையே! தம் கைகளாலேயே தம்மை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று குர்ஆன் தடுத்திருக்கும்போது, தன் உயிரையே விட்டுக்கொடுக்க உரிமை இல்லாத ஒருவன் பிறர் உயிரை எப்படி விட்டுக்கொடுப்பான்? ஆகவே குறைந்த வாடகை வசதிக் குறைவுக்கு விலையாகலாம், உயிருக்கு விலையாகாது.

நம் பகுதியில் வழங்கும் ஒத்தி முறையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. பெருந்தொகையைக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருப்பதை, கடனால் வரும் பயன் என்ற முறையில் வட்டியின் சாயல் உடையது என்று உலமாக்கள் எச்சரித்துவருவதை நாம் அறிவோம். அதற்கு மேல் இந்தத் தீமையும் சேர்கிறது. ‘வாடகையே வாங்காத நான் ஏன் செலவு செய்ய வேண்டும்’ என்கிறார் வீட்டுக்காரர். ‘நாளை திருப்பிக் கொடுக்கப் போகும் வீட்டுக்கு நான் ஏன் செலவு செய்ய வேண்டும்’ என்கிறார் ஒத்திக்காரர். நடுவே அந்த ஒயர் அப்படியே கிடக்கிறது.

அஜல் என்னும் திரை

விபத்து நடந்த வீட்டில் நாம் சொல்லும் முதல் வார்த்தை, ‘அஜல் வந்துவிட்டது’ என்பதுதான். இழந்தவர்களுக்கு ஆறுதலாக அதைச் சொல்வது அழகு. ஆனால் அதே வார்த்தையை வீட்டுக்காரர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது அழகன்று. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேட்டு உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். மின்சாரம் கொல்லும் என்பது அவன் வைத்த விதி. எர்த் கம்பி காக்கும் என்பதும் அவன் வைத்த விதியே. இரண்டில் எதை நம் வீட்டில் வைத்திருக்கிறோம் என்பதுதான் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி. முடிவு அவனிடம் இருக்கிறது. முயற்சி நம்மிடம் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் உறங்குவதையே எச்சரித்த மார்க்கம் அன்றோ இது!

இங்கே சட்டத் தீர்ப்புக்கும் மறுமைத் தீர்ப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் மறக்கலாகாது. காழியின் முன் சாட்சி வேண்டும், கோரிக்கை வைத்த தேதி வேண்டும். அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையே உள்ள வழக்கில் ஒன்றே ஒன்று போதும்: அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? வீடு காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் குடியிருப்பவர் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். அந்த மௌனம் உலக வழக்கில் வீட்டுக்காரரைக் காப்பாற்றலாம். நெஞ்சுக்குத் தெரிந்த உண்மையை அது அழித்துவிடுமா?

குடியிருப்பவரின் கடமை

பொறுப்பெல்லாம் வீட்டுக்காரருக்கே என்று நாம் சொல்ல வரவில்லை. வாடகை வீடு குடியிருப்பவர் கையில் அமானிதம். ஃபியூஸ் போனால் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவது, பிளக் இல்லாமல் ஒயர் முனையைத் துளையில் சொருகித் தீக்குச்சியால் இறுக்குவது, துணி காயப்போடும் இரும்புக் கம்பியை மின்சார ஒயருக்கு அருகே கட்டுவது, மீட்டருக்கு முன்னால் கொக்கி போடுவது, இவையெல்லாம் வரம்பு மீறல்கள். கொக்கி போடுவது திருட்டும் ஆகும். இவற்றால் ஆபத்து விளைந்தால் வீட்டுக்காரரைக் குறை சொல்ல வழியில்லை. அத்துடன், குறையைக் கண்டவுடன் சொல்வதும் குடியிருப்பவரின் கடமை. அகற்றும் சக்தி அவருக்கு இல்லை. சொல்லும் நாவு இருக்கிறது. சொல்லாமல் இருந்துவிட்டு நாளை அழுவதில் பயன் இல்லை.

நாட்டின் சட்டங்கள்

நாட்டுச் சட்டமும் இதே திசையில்தான் நடந்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், தமக்குத் தெரிந்த, மற்றவர் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத பெருங்குறையை வாடகைக்கு விடுபவர் சொல்லிவிட வேண்டும் என்று 108-ஆவது பிரிவில் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் வேலைகளைப் பிரித்தே கொடுத்துவிட்டது. உள்ளும் புறமும் உள்ள ஒயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. சுவிட்ச், பிளக் போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. மலைத் தோட்டங்களுக்கான 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1981-இல் ஒரு திருத்தம் வந்தது. நிர்வாகம் கொடுத்த லயத்து வீடு இடிந்து தொழிலாளியோ அவர் குடும்பத்தாரோ இறந்தால் நிர்வாகம் நஷ்ட ஈடு தர வேண்டும் என்பது அது. நம் இமாம்களின் சாய்ந்த சுவர் ஏலமலைக்கும் வந்து சேர்ந்துவிட்டது! ஆனால் அந்தத் திருத்தம் பேசியது இடியும் சுவரைப் பற்றி மட்டுமே.

இங்கிலாந்தில் 2020-இல் வந்த விதிகளின்படி, தனியார் வாடகை வீடுகளின் மின் அமைப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவரைக் கொண்டு சோதித்து, அறிக்கையின் நகலைக் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அதே நாட்டில்தான் லண்டன் கிரென்ஃபெல் அடுக்ககம் 2017 ஜூன் 14 அன்று எரிந்தது. ஒரு வீட்டின் ஃபிரிட்ஜில் பற்றிய தீ, எரியும் தன்மையுள்ள வெளிப்பூச்சுப் பலகைகளின் வழியே கட்டடம் முழுதும் ஏறி 72 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அது ரமலான் மாதம். ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் பலர் அக்கம்பக்கத்தாரைத் தட்டி எழுப்பியதைப் பத்திரிகைகள் எழுதின. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2013-இல், மின்னழுத்தம் எகிறிச் சாதனங்கள் கெடுகின்றன என்று அங்கே குடியிருந்தோர் முறையிட்டிருந்தார்கள். 2017-இல் தீ பரவியதற்குக் காரணம் வேறு. ஆயினும் குடியிருப்பவர் கூறும் குறை நிர்வாகத்தின் காதில் எப்படி விழுகிறது என்பதற்கு அது ஒரு பாடம். அத்தனை மரணங்களும் தவிர்த்திருக்கக்கூடியவையே என்று விசாரணைக் குழுத் தலைவர் 2024 செப்டம்பரில் அறிவித்தார்.

ஜமாஅத்தும் ஒரு வீட்டுக்காரரே

இறுதியாக நமக்கு நாமே ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். நம் பள்ளிவாசல்கள் பலவற்றுக்கு வக்ஃபு வீடுகளும் கடைகளும் உள்ளன. அவற்றில் குடியிருப்போர் பெரும்பாலும் ஏழைகள். வாடகையும் குறைவு. ‘இந்த வாடகைக்கு இதுவே அதிகம்’ என்று முதவல்லிமார்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். ஆனால் வக்ஃபின் வருமானத்தில் முதல் செலவு அந்தச் சொத்தின் பராமரிப்புக்கே என்பது ஹனஃபி நூல்களில் தெளிவாக உள்ள சட்டம். வக்ஃபு செய்தவர் அப்படி நிபந்தனை எழுதாவிட்டாலும் அதுவே முறை. வக்ஃபு வீட்டின் எர்த் குழிக்குக் காசு இல்லை என்று சொல்லிவிட்டுப் பள்ளியின் முகப்புக்கு வண்ண விளக்குத் தோரணம் கட்டுவோமானால், செலவின் வரிசையையே மாற்றிவிடுகிறோம்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது எளிது. தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு முதலில் வக்ஃபு வீடுகளையும், பிறகு விரும்பும் மஹல்லாவாசிகளின் வாடகை வீடுகளையும் மழைக்காலத்துக்கு முன் சோதிக்கச் செய்யலாம். எர்த் இருக்கிறதா, ஆர்.சி.டி. இருக்கிறதா, குளியலறையிலும் மோட்டாரிலும் கசிவு உண்டா என்று பார்ப்பதற்கு ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். குடியிருப்பவர் தம் குறையை அச்சமின்றிச் சொல்ல ஜமாஅத் ஒரு வழி வைக்கலாம். சாய்ந்த சுவருக்குச் சாட்சியாக அது நிற்கலாம். கருவி வாங்க முடியாத வீட்டுக்காரருக்குக் கர்ளன் ஹஸனாவாகக் கடன் கொடுக்கலாம்.

வீடு வைத்திருக்கும் சகோதரர்களே! அடுத்த மாத வாடகையைக் கையில் வாங்குமுன் ஒரே ஒரு முறை அந்த வீட்டுக்குள் போய், ‘எங்கேயாவது ஷாக் அடிக்கிறதா?’ என்று நீங்களே கேளுங்கள். அவர்கள் வந்து சொல்லட்டும் என்று காத்திராதீர்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை என்றால், நம்மை நம்பிக் குடியிருப்பவரின் சுவருக்குள் இருக்கும் ஆபத்தை அகற்றுவது எவ்வளவு பெரிய நன்மை!

வல்ல அல்லாஹ் நம் வருமானங்களைத் தூய்மையாக்கி, நம் கையில் ஒப்படைக்கப்பட்ட உயிர்களின் அமானிதத்தைப் பேணும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.